அப்பா தேடிய நாலடி

எங்கள் வீட்டுப் பின்சுவரில் ஆணி இறங்காது. விவரம் தெரிந்த நாளிலிருந்து எங்களுக்கு இது தெரியும். கூடத்துக்குள் நுழைந்ததும் எதிரே தெரிவது அந்தச் சுவர்தான். கத்தோலிக்க வீடுகளில் திரு இருதய ஆண்டவர் படத்தை வாசலைப் பார்த்தபடி மாட்டுவது வழக்கம் என்பதால், படம் அங்கேதான் இருந்தாக வேண்டும். அப்பா நாலைந்து ஆணிகளை வளைத்துவிட்டு, ஒரு விரலையும் நசுக்கிக்கொண்டு, கடைசியில் உத்தரத்திலிருந்து கம்பி கட்டிப் படத்தைத் தொங்கவிட்டார். ஃபேன் போட்டால் ஆண்டவர் லேசாக ஆடுவார். வருகிறவர்கள் கேட்டால் அப்பா சொல்வார்: "சுவரும் அவங்கள மாதிரியேதான் இருக்கு. ஒண்ணும் உள்ள இறங்காது."

அவங்க என்றால் பின்வீட்டுக்காரர்கள். திருச்சியில் மெயின்கார்டு கேட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது எங்கள் சந்து. ஆட்டோ நுழைந்தால் சைக்கிள் ஒதுங்கி நிற்க வேண்டும். எங்களுக்கு வாசல் கிழக்கே. பின்வீட்டுக்கு வாசல் மேற்கே, வேறு தெருவில். இரண்டு வீடும் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கின்றன. அவர்கள் ராவுத்தர் குடும்பம். பெரியவர் பாத்திரக்கடை வைத்திருந்தார், மகன் பிற்பாடு சவுதிக்குப் போனார். எதிரெதிர் வாசலாக இருந்திருந்தால் தினம் முகத்தையாவது பார்த்திருப்போம். முதுகுகளுக்குப் பேச்சு வராது.

சண்டை வந்தது ஒரு டேப்பினால். தாத்தா எழுதி வாங்கிய பத்திரத்தில் வீட்டின் கிழமேல் நீளம் ஐம்பத்தாறடி என்று இருக்கிறது. ஒரு விடுமுறை நாளில், வேறு வேலை இல்லாமல், அப்பா அதை அளந்து பார்த்தார். ஐம்பத்திரண்டடிதான் வந்தது. எங்களைப் போன்ற வேதக்காரர் வீட்டையும் சனி பிடிக்கும் என்று அன்றைக்குத் தெரிந்தது. பத்திரத்தில் மேற்கெல்லை 'பொதுச் சுவர்' என்று போட்டிருந்தது. பொதுச் சுவர் என்றால் பாதி நமக்கு, பாதி பக்கத்து வீட்டுக்கு. ஊரில் எல்லோருக்கும் உள்ள பாத்தியம்தான். ஆனால் ஒரு சுவரில் பாதி என்றால் அரையடி, முக்காலடி இருக்கும். மிச்சம் மூன்று அடிக்கு மேல் எங்கே போனது?

அப்பா மொட்டைமாடிக்கு ஏறினார். எங்கள் கைப்பிடிச் சுவரைத் தாண்டி, அகலமாக ஒரு வெறுந்தளம் தெற்கு வடக்காக ஓடியது. அதற்கு அப்பால் அவர்களுடைய கைப்பிடிச் சுவர். நடுவிலிருந்த அந்தத் தளம் அவர்கள் வீட்டு மாடிதான் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அப்பாவுக்கு அன்று எல்லாம் விளங்கிவிட்டது. "நம்ம நாலடியையும் சேத்து வளைச்சு நீளமா ஒரு ரூம் கட்டிட்டாங்க. இது அதோட கூரை!"

அப்படி ஒரு ரூம் இருப்பதாக வீட்டில் முடிவாயிற்று. அதற்குள் என்ன இருக்கும் என்று நானும் அண்ணனும் அடித்துக்கொள்வோம். சவுதி டேப்ரெக்கார்டர்கள் என்பான் அண்ணன். பிரியாணி அண்டாக்கள் என்பேன் நான். அப்பா மட்டும் விளையாடவில்லை. பத்திரத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சுற்றிப்போய் அவர்கள் வாசலில் நின்றார். ராவுத்தரும் பதிலுக்குக் கத்தினாராம், நீங்கள்தான் இடத்தைத் திருடியவர்கள் என்று. "எப்படி இருக்கு பாத்தியா? திருடனே என்னைத் திருடன்ங்கிறான்," என்று மூச்சு வாங்க வந்து சொன்னார். அந்தப் பேச்சில் ஒரு விஷயம் ஒளிந்திருந்தது. எங்களில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. முப்பத்தைந்து வருஷம்.

அப்பா இறந்தபோது சண்டை எனக்குச் சொத்தாக வந்தது. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மாவோடு அதே வீட்டில் இருந்துகொண்டு, ஒரு ஸ்கூலில் கணக்கு டீச்சராக வேலை பார்த்தேன். எனக்கு அப்பாவின் மூக்கு, அப்பாவின் கோபம் இரண்டும் உண்டு. மாடியில் துணி காயப்போடும்போது அந்தப் பக்கம் ஒரு தலை தெரிந்தால், போர்வையை உயர்த்திக் கட்டிவிட்டு வருவேன். அம்மா மட்டும் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. மே மாத மத்தியானங்களில் அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டு, "யார் கட்டினாங்களோ, நல்லா இருக்கட்டும். என்ன ஒரு குளிர்ச்சி," என்பாள். எதிரியின் சுவரைப் பாராட்டுகிறாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அம்மா எழுபத்தெட்டு வயதில் கீழே விழுந்தாள். எங்கள் சந்தில் ரோடு போடும்போதெல்லாம் பழைய ரோட்டின் மேலேயே போடுவார்கள். சாக்கடையும் சேர்ந்து உயரும். வீடு மட்டும் பள்ளத்தில் போய்க்கொண்டிருந்தது. கழிவுநீர் திரும்பி வராமலிருக்க, வாசல் பக்கமிருந்த கக்கூஸை அப்பா மேடை கட்டி ஐந்து படி உயரத்துக்கு ஏற்றியிருந்தார். அந்தப் படியில்தான் அம்மா விழுந்தாள். இடுப்பெலும்பில் ஆபரேஷன். இனிமேல் படி கூடாது என்றார் டாக்டர்.

வீட்டில் படியில்லாத கழிப்பறை கிடையாது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஓட்டை போட்ட நாற்காலியை வைத்தோம். நான் ஸ்கூலுக்குப் போகும் நேரத்துக்கு ஒரு பெண்ணை வேலைக்கு வைத்தேன். அம்மா பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆயாவாக இருந்து எத்தனையோ பிள்ளைகளைக் கழுவிவிட்டவள். தன்னை ஒருத்தி கழுவிவிடுவது மட்டும் அவளுக்குத் தாங்கவில்லை. வாயைத் திறந்து சொல்லவும் இல்லை. தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். காலையில் நான் வைத்துவிட்டுப் போகும் சொம்பு சாயங்காலம் அப்படியே இருக்கும். கேட்டால், "தாகம் எடுக்கலம்மா," என்பாள். மூன்று வாரத்தில் சிறுநீரில் கிருமி, காய்ச்சல், மறுபடி ஆஸ்பத்திரி.

சென்னையிலிருந்து அண்ணன் வந்தான். அவன் வீட்டில் லிஃப்ட் உண்டு, படுக்கையறைக்குள்ளேயே பாத்ரூம் உண்டு. ஈஸ்டர் முடிந்ததும் அழைத்துப்போகிறேன் என்றான். அவன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அவன் போன பிறகு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அங்க போனா நான் யாருக்கும்மா தெரிவேன்? இங்க கோயில் மணி கேக்குது. பால்காரன் என்னைப் பேர் சொல்லிக் கூப்புடறான். என்னை அனுப்பிடாத." அம்மா அதுவரை என்னிடம் எதையும் கேட்டதில்லை. அன்று கேட்டாள்.

கொத்தனாரைக் கூப்பிட்டேன். மாடிப்படிக்கு அடியில், பின்சுவரை ஒட்டி, தாராளமாக இடம் இருக்கிறது என்றார். ஒரே ஒரு சிக்கல்தான். அங்கிருந்து வாசல் சாக்கடைக்குத் தண்ணீர் ஏறாது. மேற்கே பின்வீட்டுத் தெருதான் பள்ளம். பின்சுவர் எங்கள் வீட்டின் தென்மூலையில் முடிகிறது, அதை ஒட்டி ஒன்றரையடி இடைவெளி. பின்வீட்டுக்காரர்கள் அதைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். "அந்த இடுக்கு வழியா ஒரு குழாய் போட்டா முடிஞ்சுதும்மா. அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க," என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு வராது. கேட்கமாட்டேன் என்றேன். அப்பாவின் நாலடியை அவர்கள் வைத்திருப்பதை நிரூபித்து, அதற்குப் பதில் அந்த இடுக்கை விடச்சொல்லி, உரிமையோடு குழாய் போடுவேன் என்றேன். கொத்தனார் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, ஈஸ்டருக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று கேட்டார். பன்னிரண்டு நாள்.

ஸ்டாஃப் ரூமில் புலம்பினேன். என்னோடு வேலை பார்த்த சமஸ்கிருத டீச்சர் ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதிக்காரர். கோயில் மதில்களுக்கு நடுவே பிறந்து வளர்ந்தவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தார். "எங்களைச் சுத்தி ஏழு மதில் இருக்கு. அத்தனையும் பெருமாள் சொத்து. பாதி என்னுதுன்னு ஒருத்தராவது கேட்டிருப்போமா? உங்களுக்கு இருக்கறதே ஒரு சுவர், அதுக்கு இத்தனை அமர்க்களமா?" கிண்டல் செய்தாலும், தனக்குத் தெரிந்த ஒரு சர்வேயரின் நம்பரைக் கொடுத்தார். அதற்காக அவருக்கு இன்றும் கடன்பட்டிருக்கிறேன்.

சர்வேயர், துறையூர்ப் பக்கத்துப் பெண். முப்பது வயதுகூட இருக்காது. பத்திரத்தைப் படித்தார், சுவரை இரண்டு தட்டு தட்டினார், பிறகு மாடிக்குப் போய் அந்தத் தளத்தைப் பார்த்தார். கீழே வந்து, "அந்த வீட்டையும் அளக்கணும் மேடம்," என்றார்.

"எங்க வீட்டை அளந்தா போதாதா?"

"உங்களுக்குக் குறையறது தெரியுது. யார்கிட்ட இருக்குன்னு தெரிய வேணாமா? தெருவுக்குத் தெரு மொத்தத்தை மாடி வழியா அளப்பேன். அதுல உங்க வீட்டைக் கழிக்கணும், அவங்க வீட்டைக் கழிக்கணும். மிச்சம் இருக்கறதுதான் நடுவுல இருக்கறது."

முப்பது வருஷமாகக் கழித்தல் கணக்கு சொல்லிக்கொடுத்தவள் நான். இந்த ஒரு கழித்தலைப் போடவே இல்லை. ஒரு எண் எதிரி வீட்டுக்குள் இருந்ததுதான் காரணம்.

சர்வேயர் அன்று தனியாக வந்திருந்தார். டேப்பின் ஒரு முனையை யாராவது பிடிக்க வேண்டும். அவரே சுற்றிப்போய் அந்த வீட்டில் அனுமதி கேட்டுவிட்டு, தெருமுனையில் நின்ற என்னை வாசலிலிருந்து கைகாட்டிக் கூப்பிட்டார். டேப் பிடிக்கத்தான் போகிறேன், பேசப்போவதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அந்த வீட்டுப் படியில் கால் வைத்தேன்.

ராவுத்தர் காலமாகிப் பல வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் ஒரு வேலையாளைத் தவிர மருமகள் மட்டும் இருந்தார், ஏறக்குறைய என் வயது. வாங்க டீச்சர் என்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு அவர்கள் கூடத்தைத் தாண்டி, சமையலறையைத் தாண்டி, கடைசிச் சுவர்வரை போனேன். என் கண் அந்த ரூமின் கதவைத் தேடிக்கொண்டே இருந்தது. கதவு எங்குமில்லை. சமையலறையின் பின்சுவர் வெறும் சுவர். அதன்முன் ஒரு மர ஸ்டாண்டில் டப்பாக்களை அடுக்கியிருந்தார்கள்.

"ஸ்டாண்டு வச்சிருக்கீங்களே, சுவத்துலயே அலமாரி அடிச்சிருக்கலாமே," என்று சர்வேயர் சும்மா கேட்டார்.

"எங்க அடிக்கறது? இந்தச் சுவத்துல ஆணியே இறங்காது. எங்க மாமனார் மவுத்தாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாங்க, நமக்கு நாலடி குறையுது, டீச்சர் வீட்டுல அதை வளைச்சு ரூம் கட்டிட்டாங்கன்னு."

டேப் என் கையிலிருந்து நழுவிச் சர்ரென்று சுருண்டு போய்விட்டது. மறுபடி இழுத்துப் பிடிக்க வேண்டியதாயிற்று.

மாடியில் வைத்து சர்வேயர் கணக்கைச் சொன்னார். தெருவுக்குத் தெரு நூற்று நான்கடி. எங்கள் வீடு ஐம்பத்திரண்டு. அவர்கள் வீடு நாற்பத்திநான்கு. மிச்சம் எட்டடி. எங்களுக்கு ஒரு நாலடி, அவர்களுக்கு ஒரு நாலடி. ரூமும் இல்லை, அண்டாவும் இல்லை. எட்டடி கனத்துக்கு ஒரே சுவர்.

கீழே இறங்கி, மாடிப்படிக்கு அடியில் பழைய பூச்சு உப்பியிருந்த இடத்தைக் கையால் தட்டி உதிர்த்துக் காட்டினார். உள்ளே கருங்கல்லும் பட்டையான செங்கல்லும் சுண்ணாம்பும் இறுகிக் கிடந்தன. "ஆபீஸ்ல பழைய வரைபடம் பாத்துத்தான் எழுதிக் கொடுப்பேன். ஆனா எனக்குச் சந்தேகமே இல்ல மேடம். மெயின்கார்டு கேட்ல நிக்குதே கோட்டை வாசல், அது இருக்கற கோட்டுலயே இது வருது. இது கோட்டைச் சுவர். உங்களுதும் இல்ல, அவங்களுதும் இல்ல. இதைத் தொடக்கூடாது."

கோட்டையை இடித்து, அகழியைத் தூர்த்து, அதன்மேல் ரோடு போட்டார்கள் என்று ஸ்கூலில் படித்துப் பரீட்சையும் எழுதியவள் நான். தினமும் பஸ் கண்டக்டர் மெயின்கார்டு கேட் என்று கத்தும்போது இறங்கி, அந்தக் கல்வாசலைப் பார்த்தபடி வீட்டுக்கு வருகிறவள். பின்வீட்டுத் தெரு ஏன் பள்ளமாக இருக்கிறது, ஆணி ஏன் இறங்கவில்லை, மே மாதத்தில் அம்மா முதுகு ஏன் குளிர்ந்தது என்று ஒரு நாளாவது யோசித்திருந்தால் போதும். என்றைக்கோ ஒரு பத்திர எழுத்தர், எட்டடிக் கோட்டைமதிலை 'பொதுச் சுவர்' என்று ஒரே வார்த்தையில் எழுதி, இரண்டு குடும்பத்துக்கும் சரிபாதியாகப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். படை வந்தால் தடுக்கக் கட்டிய சுவர், கடைசியில் ஒரு கணக்கு டீச்சரையும் ஒரு பாத்திரக்கடைக்காரரையும் தடுத்துக்கொண்டு நின்றது.

சிரிப்பு வந்தது. உடனே நின்றது. என் உரிமை போய்விட்டது. பதிலுக்குக் கொடுக்க என்னிடம் நாலடி இல்லை, நாலங்குலம்கூட இல்லை. ஈஸ்டருக்கு ஒன்பது நாள். உள்ளே அம்மா காலையில் வைத்த சொம்பைத் தொடாமல் படுத்திருந்தாள்.

சுற்றிக்கொண்டு மறுபடி அந்த வாசலுக்குப் போனேன். அப்பா பத்திரத்தோடு நின்ற அதே வாசல். என் கையில் ஒன்றும் இல்லை. மருமகள் கதவைத் திறந்தார். நான் அம்மாவில் ஆரம்பித்து, படியில் விழுந்தது, நாற்காலி, தண்ணீர் குடிக்காதது என்று என்னென்னமோ சொல்லி, குழாயைக் கேட்கும்போது பாதி வார்த்தையை முழுங்கிவிட்டேன். வகுப்பில் ஐம்பது பிள்ளைகளை அதட்டுகிற குரல் அன்று எங்கே போனதோ தெரியவில்லை.

அவர் கதவை முழுசாகத் திறந்து விட்டார். பிறகு சொன்னார்: "இதைக் கேக்கறதுக்கா டீச்சர் இம்புட்டு தூரம் அளந்தீங்க?"

திரும்பிப் போக ஒரு படி இறங்கினேன்.

"அம்மாவை ஆட்டோல ஏத்தினதா கேள்விப்பட்டேன். வந்து விசாரிக்கணும்னு நினைச்சேன். நீங்க கோவிச்சுக்குவீங்களோன்னு பயந்து இருந்துட்டேன். என் மேலயும் தப்புதான்." உள்ளே திரும்பி, தகரத்தை எடுத்துவிடும்படி வேலையாளுக்குக் குரல் கொடுத்தார். பிறகு என்னிடம், "குழாய் மட்டும் போனா எப்படி? ஆள் வர்ற மாதிரி அந்தப் பக்கமும் ஒரு கதவு வச்சுடுங்க. நீங்க ஸ்கூலுக்குப் போன நேரத்துல நான் வந்து பாத்துக்கறேன்," என்றார்.

அந்த வாசலில் நின்று நான் அழுதேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் அழுதேன்.

ஒரு வாரத்தில் வேலை முடிந்தது. ஈஸ்டருக்கு வந்த அண்ணன் சுற்றிப் பார்த்தான், ஃப்ளஷை இழுத்துப் பார்த்தான், அம்மாவின் துணிகளை எடுத்து வைத்திருந்த பையிலிருந்து ஒவ்வொன்றாக அலமாரிக்குத் திருப்பி வைத்தான். போகும்போது, "அந்த ரூம்ல டேப்ரெக்கார்டர் இல்லவே இல்லையா?" என்று கேட்டான்.

கொத்தனார் கடைசி நாளில், பிடித்துக்கொள்ள ஸ்டீல் கம்பி பொருத்தலாம் என்று வந்தார். எட்டும் தூரத்தில் இருந்தது கோட்டைச் சுவர் ஒன்றுதான். அதைத் தொடக்கூடாது, தொட்டாலும் இறங்காது. அம்மா சிரித்தாள். சர்வேயர் பூச்சை உதிர்த்த இடத்தில் ஒரு கருங்கல் நாலு விரற்கடை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. உட்கார்ந்தால் சரியாகக் கைக்கு எட்டும் உயரம். அம்மா அதைப் பிடித்தாள், எழுந்தாள். "இது போதும்," என்றாள். அன்று சாயங்காலம் சொம்பு காலியாக இருந்தது.

அதற்குப் பிறகு அம்மா மூன்றரை வருஷம் இருந்தாள். கடைசி வாரம் தவிர ஒரு நாளும் யாருடைய கையும் அவளுக்குத் தேவைப்படவில்லை. பகலில் அந்தப் புதுக் கதவு வழியாக மருமகள் வருவார். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து இரண்டு பேரும் பூண்டு உரிப்பார்கள், என்னைப் பற்றிப் பேசுவார்கள். நான் உள்ளே நுழைந்ததும் பேச்சு நிற்பதை வைத்து அதைக் கண்டுபிடித்தேன். அம்மா தன் கட்டிலில், கோயில் மணி கேட்கும் தூரத்தில் இறந்தாள். அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட பால்காரர் வந்து ஓரமாக நின்று அழுதார். சர்வேயருக்கும், சமஸ்கிருத டீச்சருக்கும், கொத்தனாருக்கும், எல்லோருக்கும் மேலாக அந்த மருமகளுக்கும் நான் நன்றி சொல்லித் தீராது. சுவருக்கு யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியவில்லை. ஆண்டவர் இன்னும் அதன்முன் ஆடிக்கொண்டிருக்கிறார், அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

எனக்கும் முழங்கால் தேய்ந்துவிட்டது. போன வாரம் ஒரு நாள் காலையில் பாத்ரூமில் எழுந்திருக்க முடியவில்லை. யாரையாவது கூப்பிடலாமா என்று நினைப்பதற்குள் கை தானாகப் போய் அந்தக் கல்லைப் பிடித்தது. அதன் மேற்பக்கம் மட்டும் வழவழவென்று, அம்மாவின் தேங்காயெண்ணெய்க் கை பட்டுப் பட்டு, கறுத்திருந்தது. அதே இடத்தில் என் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு எழுந்தேன்.